மாமா ஓய்வு பெறுகிறார்: கடல் தெரியும் பொது கோல்ஃப் திடலில் ஒரு ரவுண்டு, எங்கே போகலாம்?

பொங்கோல்_குமரன்:
வணக்கம். மாமா ஆகஸ்ட் கடைசியில் துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார். விருந்து, மாலை, கேக் எதுவும் வேண்டாமாம். "நல்ல காட்சியா இருக்கிற திடல்ல ஒரு ரவுண்டு போடுவோம், அது போதும்" என்கிறார். சிங்கப்பூரிலேயே மரினா பே திடல் இருந்திருந்தால் இந்த இழைக்கே வேலை இருந்திருக்காது. 2024 ஜூன் 30ஆம் தேதியோடு அது மூடியாயிற்று. அன்றைக்கு ஸ்டோர் ரூமுக்குள் போன மாமாவின் கிளப் (மட்டை) பை இன்னும் வெளியே வரவில்லை.

ஆட்கள் நான்கு பேர். மாமாவுக்கு ஹேண்டிகேப் (ஆட்டத் தர எண், குறையக் குறைய நல்லது) 14. எனக்கு 22, அதுவும் நல்ல நாளில். என் அலுவலக நண்பரும் அவர் மனைவியும் மற்ற இருவர். அவர்களுக்கு ஹேண்டிகேப் கிடையாது. நண்பர் ஓரளவு அடிப்பார். அவர் மனைவி பயிற்சி ரேஞ்சைத் தாண்டி வந்ததில்லை. இருவரும் இங்கே நிரந்தரவாசிகள், கடப்பிதழ் இந்தியாவுடையது. எங்களில் யாரும் எந்த மன்றத்திலும் உறுப்பினர் இல்லை. செப்டம்பரில் வாரநாளில் விடுப்பு எடுக்கலாம். தண்ணீர் தெரிய வேண்டும், கடலாக இருந்தால் இன்னும் நல்லது. யோசனை சொல்லுங்கள்.

பழைய_பக்கி:
மரினா பேயை நினைவுபடுத்திவிட்டீர்கள். பின்னால் ஃபிளையர் ராட்டினம், பக்கத்தில் மரினா பே சாண்ட்ஸ், தரையெங்கும் தொண்ணூறு சொச்சம் பாட் பங்கர் (ஆழமான மணல் பள்ளம்). பார் 6 குழி (ஆறு அடியில் முடிக்க வேண்டியது) ஒன்று வேறு. மழை பெய்து ஓய்ந்த ராத்திரியில் விளக்கு வெளிச்சத்தில் ஆடியவனுக்கு வேறெந்தத் திடலும் லேசில் பிடிக்காது. குத்தகையைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று 2014லேயே சொல்லிவிட்டார்கள். பத்து வருடம் நாம்தான் நம்பாமல் இருந்தோம்.

இனி எதுவும் கூடப்போவதில்லை, குறையத்தான் போகிறது. ஜூரோங் கன்ட்ரி கிளப்பும் ராஃபிள்ஸ் கன்ட்ரி கிளப்பும் கோலாலம்பூர் அதிவேக ரயிலுக்காக நிலத்தைக் கொடுத்தன. 2020 இறுதியோடு ரயில் ஒப்பந்தமே காலாவதியானது, திடல்கள் திரும்பி வரவில்லை. ஆர்க்கிட், வாரன் இரண்டுக்கும் 2030இல் குத்தகை முடிகிறது. வீடு கட்ட இடம் வேண்டும் என்பது நியாயம்தான், அதில் எனக்கு வழக்கு இல்லை. ஆனால் உறுப்பினர் அட்டை இல்லாத மனிதன் எங்கே போய் அடிப்பான்?

உங்கள் கேள்விக்கு வருகிறேன். உள்ளூரிலேயே முடிக்க வேண்டுமென்றால் மண்டாய் எக்ஸிகியூட்டிவ். 9 குழி, பெரும்பாலும் பார் 3. மேல் சிலேத்தார் நீர்த்தேக்கத்தின் பக்கம், சுற்றிலும் காடு. அந்த நிலத்துக்கும் வேறு திட்டம் இருக்கிறது, அதனால் இருக்கும்போதே போய்விடுங்கள். கையில் தின்பண்டம் வைத்திருக்காதீர்கள், குரங்குகள் பக்கிக்குள் (திடல் வண்டி) வந்தே எடுத்துக்கொள்ளும்.

தெம்பனிஸ்_ராஜா:
மண்டாயா? ஓய்வு பெறுகிற மனிதருக்கு 9 குழியா? அண்ணே, மாமா என்ன பாவம் செய்தார்?

ஜோகூர் போங்கள். ஃபாரஸ்ட் சிட்டியில் லெகசி திடல் ஜேக் நிக்கலஸ் வடிவமைத்தது. துவாஸ் இரண்டாம் இணைப்பு வழியாகப் போனால் சீக்கிரம் வந்துவிடும். கடல்தான் வேண்டுமென்றால் டெசாரு கோஸ்ட்டில் எல்ஸ் கிளப். எர்னி எல்ஸ் வடிவமைத்த ஓஷன் திடலில் 27 குழி, அவரும் விஜய் சிங்கும் சேர்ந்து வடிவமைத்த வேலி திடலில் 18 குழி. ரிங்கிட்டில் கட்டினால் இங்கே ஒரு மன்றத்தில் விருந்தினராக ஆடும் காசுக்கு அங்கே ரவுண்டு, பக்கி, சாப்பாடு எல்லாம் முடிந்துவிடும்.

யீஷூன்_மீனா:
ராஜா, காசுக் கணக்கு சரி. நேரக் கணக்கு? மாமா ஒருவரைச் சந்தோஷப்படுத்தப் போய் நான்கு பேரும் ஜோகூர்க் கடற்பாலத்தில் உட்கார்ந்து புலம்ப வேண்டாம். சொந்தக் காரில் போவதென்றால் மலேசியாவின் விஇபி (வாகன நுழைவு அனுமதி) அட்டை கட்டாயம். 2025 ஜூலையிலிருந்து அது இல்லாத சிங்கப்பூர்க் காருக்கு 300 ரிங்கிட் அபராதம். டேங்க் முக்கால் நிரம்பியிருக்க வேண்டும் என்கிற நம்மூர் விதி வேறு. சாலைக் கட்டணத்துக்கான டச் அண்ட் கோ அட்டையில் காசு இருக்கிறதா என்று முந்தின நாளே பார்க்க வேண்டும். நான்கு ஆள், நான்கு கிளப் பை, ஒரு செடான். பைகளை எங்கே வைப்பீர்கள்?

குமரன், முதலில் ஒன்றைத் தெளிவாக்குங்கள். நண்பரின் மனைவி பிசி எடுத்திருக்கிறாரா?

பொங்கோல்_குமரன்:
பிசி என்றால்? கணினியா அக்கா? 😅 (எனக்குத் தெரியும், நண்பரின் மனைவி கேட்டதை அப்படியே போடுகிறேன்.) இல்லை, எடுக்கவில்லை.

யீஷூன்_மீனா:
அப்படியென்றால் சிங்கப்பூரில் 18 குழித் திடல் கிட்டத்தட்டக் கணக்கிலேயே இல்லை. இங்கே ஹேண்டிகேப் இல்லாதவர் திடலில் இறங்க பிசி எனும் தேர்ச்சிச் சான்றிதழ் கேட்பார்கள். விதிமுறையும் ஒழுங்கும் எழுத்துத் தேர்வில் வரும், அப்புறம் திடலிலேயே ஒரு செயல்முறைத் தேர்வு. சிலர் இதை வெட்டிக் கெடுபிடி என்பார்கள், நான் அப்படி நினைக்கவில்லை. பின்னால் ஆட்கள் காத்திருக்கும்போது ஒருவர் பங்கருக்குள் நின்று மணலை அள்ளி அள்ளி வீசிக்கொண்டிருந்தால் யாருக்கும் ரவுண்டு ரவுண்டாக இருக்காது.

எங்கே போவதாக இருந்தாலும் அவருக்கு மூன்று பழக்கங்களைச் சொல்லிக்கொடுத்துவிடுங்கள். அடுத்தவர் அடிக்கும்போது அசையாமல் நிற்பது. தன் முறை வருவதற்கு முன்பே கிளப்பைக் கையில் எடுத்துத் தயாராவது. காணாமல் போன பந்தை 3 நிமிடத்துக்கு மேல் தேடாமல் விடுவது. 2019இல் விதி மாறியபோது 5 நிமிடம் 3 ஆனது. நம் ஆட்கள் இன்னும் 10 நிமிடம் தேடுகிறார்கள், 2 வெள்ளிப் பந்துக்காக.

செம்பவாங்_சிவா:
இந்த நான்கு பேருக்கு நான் இந்தோனீசியாவின் பிந்தான் தீவைத்தான் சொல்வேன். லகோயில் உள்ள ரியா பிந்தான். கேரி பிளேயர் வடிவமைத்தது, ஓஷன் 18 குழி, ஃபாரஸ்ட் 9 குழி. காசு கட்டுகிற யாரும் ஆடலாம். சான்றிதழ் விஷயத்தில் அங்கே கெடுபிடி குறைவு. இருந்தாலும் முன்பதிவு செய்யும்போதே "எங்களில் ஒருவர் புதியவர்" என்று எழுதிவிடுவது நல்லது. கூட்டம் குறைவான நேரமாகப் பார்த்துக் கொடுப்பார்கள்.

தானா மேரா படகுத் துறையிலிருந்து பண்டார் பெந்தான் தெலானிக்குச் சுமார் ஒரு மணி நேரம். பிந்தான் கடிகாரம் நமக்கு ஒரு மணி நேரம் பின்னால். அதனால் காலை 8 மணிக்குக் கிளம்பினால் அங்கே இறங்கும்போதும் 8 மணிதான். திரும்பும்போது அது உங்களைக் கடித்துவிடும்: 5 மணிக்குக் கிளம்பினால் இங்கே 7. டீ டைம் (ஆட்டம் தொடங்கும் நேரம்) உள்ளூர் நேரமா சிங்கப்பூர் நேரமா என்று ஒவ்வொரு மின்னஞ்சலிலும் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கைப்பேசி தானாக மாறிக்கொள்ளும், மாமாவின் கைக்கடிகாரம் மாறாது.

லகோயில் கிரெக் நார்மன் வடிவமைத்த லகுனா பிந்தானும் உண்டு. பழைய பயணப் பக்கங்களில் பிந்தான் லகூன் என்ற பெயர் வந்தால் விட்டுவிடுங்கள், அது 2020இல் மூடப்பட்ட ரிசார்ட். லகுனா, லகூன் குழப்பத்தில் பணத்தைக் கட்டிவிடாதீர்கள்.

தெம்பனிஸ்_ராஜா:
தானா மேராவிலிருந்து டெசாருவுக்கும் நேரடிப் படகு உண்டு சிவா. கடற்பாலமும் வேண்டாம், விஇபியும் வேண்டாம். மீனா அக்காவுக்கு இதுதான் பதில்.

செம்பவாங்_சிவா:
உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பயணம் கொஞ்சம் நீளம், நாளொன்றுக்குக் கிளம்பும் படகும் குறைவு. ஒன்றைத் தவறவிட்டால் அன்றைய ரவுண்டு கோவிந்தா. பிந்தானுக்கு அடுத்த படகு என்று ஒன்று இருக்கும்.

கிளமெண்டி_கவின்:
நான் இந்த விளையாட்டுக்குப் புதுசு. ஒரு சந்தேகம். காட்சிக்காக இவ்வளவு தூரம் போகிறீர்களே, ஆடும்போது யார் காட்சியைப் பார்க்கிறார்கள்? நான் பந்தைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை, அதையும் பாதி நேரம் காணோம்.

பழைய_பக்கி:
நல்ல கேள்வி தம்பி. காட்சி ஆட்டத்துக்குள்ளேயே வந்துவிடும், அதுதான் விஷயம். ரியா பிந்தான் ஓஷனில் 9ஆவது குழியை எடுத்துக்கொள்ளுங்கள். பார் 3. டீயில் (முதல் அடி அடிக்கும் இடம்) நிற்கிறீர்கள், எதிரே பாறை, பாறைக்கு அடியில் தென்சீனக் கடல், அதற்கு அந்தப் பக்கம் க்ரீன் (குழியும் கொடியும் உள்ள புல்தரை). எல்லோரும் முதலில் கைப்பேசியை எடுத்துப் படம் பிடிப்பார்கள். பிறகு புல்லைக் கிள்ளி மேலே போடுவார்கள். அது நேராகக் காலடியில் விழும். "காற்றே இல்லை" என்று 8ஆம் எண் அயர்ன் கிளப்பை எடுப்பார்கள். மரங்களுக்குப் பக்கத்தில் நிற்கிறவன் போட்ட புல் என்ன சொல்லும்? அங்கே க்ரீனில் கொடி விறைத்துக்கொண்டு நிற்கும், கடலில் அலை நுனி வெள்ளை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்கும். பந்து மரத்தின் உயரத்தைத் தாண்டியதும் காற்று அதைத் தூக்கிப் பாறைக்குக் கொடுத்துவிடும். கொடியைப் பார், அலையைப் பார், இன்னும் ஒரு படி தூரம் அடிக்கும் கிளப்பை எடு. காட்சி பார்க்கத் தெரிந்தவனுக்கு ஸ்கோரும் குறையும்.

கிளமெண்டி_கவின்:
ஆகா. கடலுக்குள் போனால் என்ன செய்வது?

யீஷூன்_மீனா:
பெருமூச்சு. அப்புறம் ஒரு தண்டனை அடியைச் சேர்த்துக்கொண்டு, ட்ராப் செய்ய (பந்தைக் கீழே போட) இடம் குறித்திருந்தால் அங்கிருந்து, இல்லையென்றால் மறுபடி டீயிலிருந்து. சிவப்புக் கம்பு நட்டிருந்தால் பந்து எல்லையைக் கடந்த இடத்துக்குப் பக்கவாட்டில் இரண்டு கிளப் நீளத்துக்குள் போடலாம். எந்தக் கம்பானாலும் பாறையில் இறங்கிப் பந்தைத் தேடாதீர்கள். பாசி வழுக்கும்.

பொங்கோல்_குமரன்:
மாமாவிடம் பாறை, கடல், பார் 3 மூன்றையும் சொன்னேன். பை ஸ்டோர் ரூமிலிருந்து வெளியே வந்துவிட்டது. 🙂 ஆகவே பிந்தான் என்று வைத்துக்கொள்வோம். ஒரே நாளில் போய் வந்துவிடலாமா, ஓர் இரவு தங்க வேண்டுமா? செப்டம்பரில் வானிலை எப்படி?

செம்பவாங்_சிவா:
தங்குங்கள். காரணம் வானிலைதான், கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

நம் வட்டாரத்தில் இடி மின்னல் இல்லாத மாதமே கிடையாது. சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 168 நாள் இடியுடன் மழை என்று வானிலை ஆய்வகம் சொல்கிறது. ஏப்ரல், மே, அப்புறம் அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் மின்னல் மோசம்: காலையில் வெயில் கொளுத்தும், இரண்டு மூன்று மணிக்கு மேல் வானம் கறுக்கும். அப்போதெல்லாம் விடியற்காலை டீ டைம்தான் புத்திசாலித்தனம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் கதை தலைகீழ். "சுமத்ரா" என்கிறோமே, அந்தச் சூறைக்காற்றுக் கூட்டம் மலாக்கா நீரிணைப் பக்கமிருந்து விடியலுக்கு முன்போ காலையிலோ வந்து அடித்துவிட்டு ஒன்றிரண்டு மணி நேரத்தில் போய்விடும். முதல் டீயைப் பிடித்தேன் என்று பெருமையாகப் போனவர்கள் மன்ற வீட்டில் உட்கார்ந்து கோப்பி குடிப்பார்கள். 10 மணிக்கு மேல் ஆரம்பிப்பவர்கள் நனைந்த திடலில் ஆனாலும் முழு ரவுண்டு ஆடுவார்கள்.

டிசம்பர், ஜனவரியில் பிந்தானைத் தொடவே வேண்டாம். வடகிழக்குப் பருவக்காற்று நேராக அந்தக் கரையில்தான் மோதும். படகே ஆட்டம் போடும்.

ஒரு நாள் பயணத்தில் மழை வந்துவிட்டால் மாற்று வழியே இல்லை. கடைசிப் படகு யாருக்காகவும் நிற்காது. தங்கினால் முதல் நாள் பிற்பகல் ஃபாரஸ்டில் 9 குழி, புதியவர்கள் கை பழக்கிக்கொள்ளலாம். மறுநாள் காலை 9 அல்லது 10 மணிக்கு ஓஷன். சுமத்ரா வந்தாலும் ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப்போட இடம் இருக்கும். மாலைப் படகில் வீடு.

செப்டம்பரில் ஒரே பயம் புகைமூட்டம். அது எந்தத் திசையிலிருந்து எப்போது வரும் என்று யாராலும் முன்பே சொல்ல முடியாது. தேதி மாற்ற அனுமதிக்கும் கட்டணமாகப் பார்த்து எடுங்கள், பத்து வெள்ளி கூட ஆனாலும் பரவாயில்லை.

தெம்பனிஸ்_ராஜா:
செப்டம்பரில் எப்போது? முதல் வாக்கில் பள்ளி விடுமுறை. லகோய் முழுக்க மிதவை வளையம் மாட்டிய பிள்ளைகள், படகில் இடம் கிடைக்காது.

ஹவ்காங்_கமலா:
நான் கோல்ஃப் ஆடுவதில்லை. வீட்டில் ஆடுகிறவர் இருப்பதால் இந்த இழையைப் படிக்கிறேன். ஒன்று கேட்கிறேன்: மாமா புரட்டாசி விரதம் இருப்பவரா? செப்டம்பர் 17, 18 வாக்கில் புரட்டாசி பிறந்துவிடும். பிந்தான் போய்க் கேலோங்கில் (கடல்மேல் உணவுக்கடை) நண்டு, இறால் பக்கம் திரும்பாமல் வருவது பெரிய தவம்.

பொங்கோல்_குமரன்:
கமலா அக்கா, உங்கள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். மாமா புரட்டாசி முழுக்க முட்டைகூடத் தொடமாட்டார். இதை யோசிக்கவே இல்லை. அப்படியென்றால் பள்ளி விடுமுறை முடிந்து புரட்டாசி பிறப்பதற்குள். நாட்காட்டியைப் பார்த்தேன், இரண்டு மூன்று வாரநாள்தான் மிஞ்சுகிறது. இன்றைக்கே பதிவு செய்ய வேண்டும் போலிருக்கிறது.

பழைய_பக்கி:
ஆவணி முகூர்த்த நாள் பார்ப்பது போல் ஆகிவிட்டது உங்கள் டீ டைம்.

யீஷூன்_மீனா:
பதிவு செய்வதற்கு முன் நண்பர் தம்பதிக்கு இந்தோனீசிய விசா. நீங்களும் மாமாவும் சிங்கப்பூர்க் குடிமக்கள் என்றால் குறுகிய பயணத்துக்கு விசா தேவையில்லை. இந்தியக் கடப்பிதழுக்கு விதி வேறு. நிரந்தரவாசிகளுக்குச் சலுகைகள் அவ்வப்போது வரும், மாறும். வாட்ஸ்அப்பில் வந்த தகவலை நம்பாமல் இந்தோனீசியக் குடிநுழைவுத் துறையின் பக்கத்திலேயே பாருங்கள். கடப்பிதழ் எல்லோருக்கும் 6 மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். மாமாவின் கடப்பிதழைக் கையில் வாங்கிப் பாருங்கள். "இருக்கு இருக்கு" என்பார். நம்பாதீர்கள்.

அடுத்தது ஆட்ட முறை. 14, 22, ஹேண்டிகேப் இல்லாத இருவர். நேரடியாக அடிகளை எண்ணினால் மூன்றாவது குழியிலேயே போட்டி முடிந்துவிடும். சிஸ்டம் 36 வைத்துக்கொள்ளுங்கள். நம்மூர் அலுவலகப் போட்டிகளில் வழக்கமாக வருவதுதான். பாரோ அதற்குக் குறைவோ அடித்தால் 2 புள்ளி, போகிக்கு (பாரைவிட ஓர் அடி கூட) 1, அதற்கு மேல் போனால் 0. 18 குழியின் புள்ளிகளைக் கூட்டி 36இலிருந்து கழித்தால் வருவது அன்றைய ஹேண்டிகேப். உதாரணமாக நண்பர் 4 பார், 6 போகி, மீதி 8 குழியும் அதற்கு மேல். புள்ளி 8 + 6 = 14. ஹேண்டிகேப் 22. மொத்தம் 98 அடித்திருந்தால் நிகரம் 76. மாமாவோடு ஒப்பிட அதுபோதும். நண்பரின் மனைவிக்கு இந்தக் கணக்கும் வேண்டாம். முன் டீயிலிருந்து அடிக்கட்டும். ஒரு குழியில் பாரைவிட 4 அடி கூடிவிட்டால் பந்தை எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்கு வரட்டும். அவர் சிரித்துக்கொண்டே முடித்தால்தான் அடுத்த முறையும் வருவார்.

தெம்பனிஸ்_ராஜா:
பந்தயம் எதுவும் இல்லையா? கோப்பி காசாவது?

யீஷூன்_மீனா:
தோற்றவர் படகுத் துறையில் எல்லோருக்கும் கோப்பி வாங்கித் தரட்டும். அதற்கு மேல் போனால் மாமா உறவு கெடும்.

சிராங்கூன்_சீனு:
மின்னலைப் பற்றிச் சிவா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சென்ற ஆண்டு ஜோகூரில் ஒரு திடலில் என் ஃபிளைட்டில் (கூட ஆடும் குழு) இருந்தவர் 4 அடி தூரத்துப் பட்டுக்கு (பந்தைக் குழிக்குள் உருட்டும் அடி) நின்றுகொண்டிருந்தார். சங்கு நீளமாக ஊதியது. கேடி (ஆட்டக்காரருக்கு உதவும் திடல் பணியாளர்) பந்துகளைப் பொறுக்கவே ஆரம்பித்துவிட்டார். இவர் மட்டும் "ஒரே ஒரு நிமிஷம்" என்று குனிந்து கோட்டைப் பார்க்கிறார். கேடி ஒரு வார்த்தை பேசாமல் கொடியைக் கொண்டுவந்து குழியில் சொருகிவிட்டு பக்கியில் ஏறி உட்கார்ந்தார். எனக்கு அந்தக் கேடியை அவ்வளவு பிடித்துப்போயிற்று.

விதியும் அதேதான். நீளமான ஒரே ஊதல் என்றால் உடனே நிறுத்த வேண்டும். அடுத்த அடிகூட அடிக்கக் கூடாது, அடித்தால் தகுதி இழப்பு. அடுத்தடுத்து மூன்று ஊதல் சாதாரண நிறுத்தம், கையிலிருக்கும் குழியை முடிக்கலாம். இரண்டு சின்ன ஊதல் வந்தால் ஆட்டம் தொடரலாம். திடல் நடுவில் உள்ள கூரைக் குடில் எல்லாம் மின்னலுக்குப் பாதுகாப்பு இல்லை. இடிதாங்கி வைத்த குடில் எது என்று முதல் டீயிலேயே கேடியிடம் கேளுங்கள். மரத்தடியும் குடையும் கூடவே கூடாது.

பொங்கோல்_குமரன்:
கேடி என்றதும் கேட்கிறேன். கேடி எடுக்கலாமா? டிப்ஸ் எவ்வளவு?

செம்பவாங்_சிவா:
கட்டாயம் எடுங்கள். நான்கு பேருக்கு இரண்டு கேடி போதும், பக்கிக்கு ஒருவர். க்ரீனில் சரிவு எந்தப் பக்கம் என்று அவர்களுக்குக் கைரேகை போலத் தெரியும். மலாய் தெரிந்தால் பேசுங்கள், பஹாசாவுக்கும் மலாய்க்கும் தூரம் குறைவு. மாமா துறைமுகத்தில் பேசிய மலாய் அங்கே ராஜபோகம். டிப்ஸ் பதிவு மேசையிலேயே கேளுங்கள், வழக்கமான தொகையைச் சொல்வார்கள். ரூப்பியா கொடுத்தால் நல்லது. சிங்கப்பூர் வெள்ளியும் வாங்குவார்கள், ஆனால் சில்லறை நாணயமாகக் கொடுக்காதீர்கள். பணமாற்று வியாபாரி நாணயத்தை எடுக்கமாட்டார், அவர்களுக்கு அது வீண்.

ஹரி ராயா வாரத்தில் மட்டும் கேடிகள் ஊருக்குப் போயிருப்பார்கள். செப்டம்பரில் அந்தச் சிக்கல் இல்லை.

பழைய_பக்கி:
மழை பெய்திருந்தால் பக்கியைப் பாதையை விட்டு இறக்க விடமாட்டார்கள். ஒவ்வோர் அடிக்கும் பாதையிலிருந்து பந்து வரை நடக்க வேண்டும். அப்போது ஒரு கிளப்போடு போகாதீர்கள், மூன்று கிளப் எடுத்துக்கொண்டு போங்கள். மாமாவின் முழங்கால் எப்படி?

பொங்கோல்_குமரன்:
முழங்கால் சுமார். மீனா அக்கா சொன்னபடி கடப்பிதழை வாங்கிப் பார்த்தேன். ஜனவரியில் முடிகிறது! 6 மாதம் இல்லை. இன்றைக்குப் புதுப்பிக்க விண்ணப்பித்தாயிற்று.

யீஷூன்_மீனா:
🙏

நெறியாளர்:
நல்ல இழை. ஒரு வேண்டுகோள்: விற்பனை முகவர்களின் கைப்பேசி எண்ணைப் பதிவிட வேண்டாம், இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். பிசி தேர்வு பற்றித் தொடர விரும்புபவர்கள் தனி இழை தொடங்கலாம்.

தெம்பனிஸ்_ராஜா:
சரி, பிந்தான் ஜெயித்துவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். ஒரே ஒரு யோசனை. நேராக ஓஷனுக்குப் போனால் மாமா இத்தனை நாள் தொடாத கிளப்பைப் பிடித்துக்கொண்டு முதல் டீயில் திணறுவார். முந்தின வாரம் மண்டாயில் ஒரு 9 குழி போட்டுவிடுங்கள்.

பழைய_பக்கி:
முதல் பதிவிலேயே மண்டாய் சொன்னவன் யார்? 😄

பொங்கோல்_குமரன்:
முடிவு இப்படி: முந்தின சனிக்கிழமை மண்டாய், நானும் மாமாவும் மட்டும். அப்புறம் பள்ளி விடுமுறை முடிந்த வாரம் செவ்வாய்க் காலைப் படகு, பிற்பகல் ஃபாரஸ்ட் 9, இரவு கேலோங், புதன் உள்ளூர் நேரம் 9.30க்கு ஓஷன், மாலைப் படகு. நேரத்தை எழுத்தில் வாங்கிவிட்டேன். தேதி மாற்றும் வசதியோடு எடுத்தேன். நண்பர் தம்பதி விசா விவரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அது உறுதியானதும் மீதிப் பணம்.

கடைசியாக ஒரு கேள்வி. நண்பரின் மனைவி இடக்கை ஆட்டக்காரர், சொந்த கிளப் இல்லை. அங்கே வாடகைக்குக் கிடைக்குமா?

செம்பவாங்_சிவா:
வலக்கைக்குச் சிக்கலே இல்லை. இடக்கைக்கு, அதுவும் பெண்களுக்கான இலகுவான ஷாஃப்ட், இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். இன்றே மின்னஞ்சல் போட்டு "இடக்கை, பெண்கள் செட் ஒன்று" என்று ஒதுக்கச் சொல்லுங்கள். பதில் வரவில்லையென்றால் தொலைபேசியில் கூப்பிடுங்கள்.

ஹவ்காங்_கமலா:
என் வீட்டுக்காரரின் தங்கை இடக்கைதான். அவருடைய பழைய அரை செட் எங்கள் வீட்டில் சும்மா கிடக்கிறது, 7 கிளப், ஒரு பட்டர் (பந்தை உருட்டும் கிளப்). ஹவ்காங் வந்தால் எடுத்துக்கொள்ளலாம். படகில் கிளப் பைக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று மட்டும் கேட்டுவிட்டு வாருங்கள்.

பொங்கோல்_குமரன்:
அக்கா, ஞாயிறு காலை வருகிறேன். தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன்.